2425இலும் அம்மாதான் காபி போடுகிறார்

அதியமான்கோட்டை

அன்புள்ள பாப்பா,

நாவலின் அச்சுப்படி வந்து சேர்ந்தது. முழுவதும் படித்துவிட்டேன். என் கண் இருக்கிற நிலை தெரிந்தும் இவ்வளவு பொடி எழுத்தில் அச்செடுத்து அனுப்பியிருக்கிறாயே, அதற்கு மட்டும் முதலில் ஒரு திட்டு. மற்றபடி கதை நன்றாக ஓடுகிறது. விண்கப்பலுக்கு நம் தர்மபுரியின் பழைய பெயரான ‘தகடூர்’ என்று பெயர் வைத்ததில் எனக்குப் பெருமைதான். ஒருவர் குளித்த தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சுத்தமாகி இன்னொருவர் குடிக்கும் தண்ணீராகத் திரும்பி வருகிற அத்தியாயத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அதில் கை வைக்காதே.

உன் கடிதத்தில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். படித்த நண்பர்கள், ‘பெண்ணியம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, நடுவில் பிரசங்கம் வருகிறது’ என்கிறார்கள், குறைக்கட்டுமா என்பது ஒன்று. அறிவியல் கதையைப் பெண் பெயரில் போட்டால் யார் எடுப்பார்கள், ஆண் போலத் தொனிக்கிற ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளட்டுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில் உன் நண்பர்களுக்கும் பிடிக்காது, உனக்கும் பிடிக்காது. தூக்கலாக இல்லை, பாப்பா. போதவில்லை.

உன் கேப்டன் ஒரு பெண். குறி தப்பாமல் சுடுகிறாள், கெட்ட வார்த்தை பேசுகிறாள், அழுவதே இல்லை. அவள் உள்ளே வந்தால் ஆண்கள் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். சரி. மூன்றாம் அத்தியாயத்தில் பணி முடிந்து அறைக்குத் திரும்புகிறாள். அவளுடைய அம்மா காபி கொண்டுவருகிறார். காபி வருவது மிதக்கும் தட்டில். அந்தத் தட்டு எந்த விசையால் மிதக்கிறது என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். காபியை ஏன் அம்மா போட்டார் என்பதற்கு ஒரு வரி இல்லை. அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பூமியிலிருந்து வந்த பழைய செய்திகளைப் படித்துக்கொண்டு. நானூறு வருஷம் தாண்டி, சூரியக் குடும்பத்தையே விட்டு வெளியேறி, கடைசியில் நீ போய் இறங்கியிருப்பது உங்கள் ஓசூர் வீட்டுக் கூடத்தில்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கணக்குப்படி நீ எழுதியது சரியாகத்தான் வருகிறது. மத்திய அரசின் புள்ளியியல் துறை, மக்கள் நாளின் எந்த நேரத்தை எதற்குச் செலவிடுகிறார்கள் என்று ஒரு ஆய்வு எடுக்கிறது. 2019இல், கூலியில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். 2024இல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. இது வீட்டு வேலையில் கை வைக்கிறவர்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. 2019 கணக்கில் அப்படிக் கை வைத்த ஆண்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான். மற்ற மூவர் கணக்கிலேயே வரவில்லை. இருக்கட்டும். இடைவெளி 202 நிமிடமாக இருந்தது, 201 ஆகியிருக்கிறது. ஐந்து வருஷத்தில் ஒரு நிமிடம். இதே வேகத்தில் போனால் ஆணும் பெண்ணும் சமமாக வருவது கி.பி. 3029இல். உன் கதை நடக்கிற 2425இல் இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி இருக்கும். ஆகவே அம்மா காபி போடுவது சுத்தமான யதார்த்தம். ஆனால் நீ யதார்த்த நாவல் எழுதுவதாகச் சொல்லவில்லையே.

அறிவியல் புனைகதையில் பெண் எங்கே நிற்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்ள நாயகியின் கையில் என்ன ஆயுதம் இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. அடுப்பு யாரிடம், தண்ணீர் யார் தலையில், குழந்தை யார் இடுப்பில் என்றுதான் பார்க்கிறேன். இது என் கண்டுபிடிப்பில்லை. 120 வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் செய்து காட்டிவிட்டுப் போன வேலை. அதுவும் நம் சென்னையில் அச்சேறிய கதையில்.

கமலா சத்தியநாதன் என்பவர் 1901இல் சென்னையிலிருந்து ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கி நடத்தினார். அதில் 1905இல் வந்தது ‘சுல்தானாவின் கனவு’. எழுதியவர் ரொகேயா சகாவத் ஹுசைன், வங்காளத்து முஸ்லிம் குடும்பம், கோஷாவில் வளர்ந்தவர். பெண்ணுக்கு ஆங்கிலம் எதற்கு என்ற வீட்டில், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அண்ணனிடம் இரகசியமாகப் படித்தவர். கணவர் பாகல்பூரில் அதிகாரி. அவர் வெளியூர் போயிருந்த சமயத்தில் பொழுது போவதற்காக எழுதினாராம். திரும்பி வந்தவர் நின்றபடியே படித்து முடித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம். கணவரின் மறைவுக்குப் பிறகு 1911இல் கொல்கத்தாவில் அவர் பெயரில் பெண்களுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கி, 1932இல் சாகிறவரை அதற்காகவே உழைத்தார் ரொகேயா.

கதையில் ஒரு பெண் தூங்கிப்போய் இன்னொரு நாட்டில் விழிக்கிறாள். அங்கே ஆண்கள் எல்லோரும் வீட்டுக்குள். பெண்கள் வெளியே. தெருவில் கூசிக் கூசி நடக்கிற இவளைப் பார்த்து, ஆண் பிள்ளை மாதிரி வெட்கப்படுகிறாளே என்று கேலி செய்கிறார்கள். அந்த நாட்டில் பெண்களுக்கென்று இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்று மேகத்துக்கு மேலே பலூன் விட்டுக் குழாய் வழியாகத் தண்ணீர் இறக்குகிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. சமையலறையில் புகை இல்லை, கரி இல்லை. குழாயில் வெயில் வருகிறது. ஆண்கள் இன்னும் வெளியே இருந்த காலத்தில், பக்கத்து நாட்டு ராஜா படையெடுத்து வந்து அவர்கள் தோற்று நின்றபோது, பல்கலைக்கழகத் தலைவி தன் மாணவிகள் இரண்டாயிரம் பேரோடு போய், சேர்த்து வைத்த வெயிலை எதிரிப் படையின் மேல் திருப்பிவிடுகிறாள். அதற்கு முன்பு ஆண்கள் அந்த ஆராய்ச்சிகளையெல்லாம் உணர்ச்சிவசப்பட்ட கெட்ட கனவு என்று சிரித்தவர்கள்தான்.

இந்த வரிசையைக் கவனி. முதலில் தண்ணீர். பிறகு அடுப்பு. அதற்குப் பிறகுதான் போர். ஆண் எழுதியிருந்தால் போரில் தொடங்கியிருப்பான். எந்த வேலை ஒரு பெண்ணின் நாளைத் தின்கிறது என்று ரொகேயாவுக்குத் தெரியும், அதனால் விஞ்ஞானத்தை அங்கே கொண்டுபோய் வைத்தார். நம் தர்மபுரிப் பக்கத்தையே பார், நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பல் கறுத்து, முட்டி வளைந்த பிள்ளைகளை நீயே சின்ன வயதில் பார்த்திருப்பாய். நல்ல தண்ணீருக்காகக் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தது எந்த ஊரிலும் ஆண்கள் இல்லை. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரித் தண்ணீர் குழாயில் ஏறியது. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னால் நம் ஊர்ப் பெண்ணிடம் வருங்காலத்தைக் கற்பனை செய்யச் சொல்லியிருந்தால் வாசலில் ஒரு குழாய் என்றுதான் சொல்லியிருப்பாள். ராக்கெட் அவளுக்குத் தோன்றியிராது.

ரொகேயாவிடம் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. அவருடைய நாட்டில் ஆண்கள் உள்ளே உட்கார்ந்து சமைக்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். கண்ணாடியைத் திருப்பி வைத்திருக்கிறாரே தவிர அறையை இடிக்கவில்லை. அது அங்கதம், அதற்கு அது போதும். நீ மூன்றாம் அத்தியாயத்தை அவசரமாகத் திருத்தி அப்பா கையில் டபராவைக் கொடுத்துவிட்டால் எனக்குப் போதாது. 1969இல் அமெரிக்காவில் உர்சுலா லெ குவின் ‘இருளின் இடது கை’ என்று ஒரு நாவல் எழுதினார். அந்தக் கிரகத்தில் நிரந்தரமாக ஆண், நிரந்தரமாகப் பெண் என்று யாரும் இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் ஏதாவது ஒரு பாலுக்கு மாறுகிறார்கள், எது என்பது முன்கூட்டித் தெரியாது. நாட்டை ஆளும் ராஜாவே கர்ப்பமாக இருக்கலாம். யார் வேண்டுமானாலும் பிள்ளை பெறலாம் என்று வந்துவிட்டால் ஒரு ஊரில் என்னென்ன மாறும்? வேலை நேரம் மாறும், சொத்து மாறும், வேலைக்கு ஆள் எடுக்கிறவன் கேட்கிற கேள்வி மாறும். இப்படி ஒரு ஆணியைப் பிடுங்கிவிட்டு மொத்தக் கூரையும் எப்படி நிற்கிறது என்று பார்க்கிற துணிச்சல்தான் இந்த வகை எழுத்தின் பலம். அந்த நாவலிலும் எல்லோரையும் ஆண்பால் சுட்டிலேயே எழுதினார் என்று பெண்கள் குறை சொன்னார்கள். முதலில் வாதாடினார், பல வருஷம் கழித்து அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று தானே எழுதினார்.

இப்போது உன் கேப்டனுக்கு வருகிறேன். அவள் அழுவதில்லை. காதலித்ததில்லை. தூரம் வரும் நாள் என்று ஒன்று அவளுக்கு இருப்பதாகவே தெரியவில்லை. தோழி இல்லை. அவளை இப்படி உரித்து உரித்துத்தான் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாய். இதே வேலையை நம் ஊர்க்காரியான ஒருத்திக்கு ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். ஔவையைச் சொல்கிறேன்.

நெல்லிக்கனிக் கதையை உன் புத்தகங்களோடு வைத்துப் பார். சாவைத் தள்ளிப்போடும் ஒரு பொருள். எட்டாத மலைப் பிளவில் விளைகிறது. ஒருவருக்கு மட்டுமே போதும். இது அமிர்தக் கதை, உங்கள் மொழியில் ஆயுள் நீட்டிப்பு மருந்து. அதை எடுத்துவந்த தகடூர் அரசன் அதியமான், தான் தின்னவில்லை. பட்டத்து ராணிக்கோ மகனுக்கோ தரவில்லை. பாடிப் பிழைக்கிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்தான், என்ன பலன் என்பதைக்கூடச் சொல்லாமல். அவள் அவனுக்கு மனைவியும் இல்லை, தாயும் இல்லை. அவளுடைய சொல் இந்த உலகத்தில் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை. அவன் கனி கொடுத்ததைப் புறநானூற்றில் அவளே பாடியிருக்கிறாள். இன்று ஒரு திரைக்கதைக்காரரிடம் இந்தக் கருவைக் கொடுத்துப் பார். மருந்து சாகக் கிடக்கும் காதலிக்குப் போகும், அல்லது நாயகனின் பிள்ளைக்குப் போகும். அறிவுக்காக மட்டும் ஒரு பெண்ணின் ஆயுளை நீட்டுகிற கதை இரண்டாயிரம் வருஷம் பழசாகியும் இன்னும் புதுசாகவே இருக்கிறது.

அந்த ஔவை அதியமானுக்காகத் தொண்டைமான் என்ற அரசனிடம் தூது போனவள். அதியமானோடு கள் குடித்தவள், அவன் இறந்ததும் அதையும் சொல்லிப் புலம்பியவள். இன்றைக்கு ஔவை என்றதும் எல்லோரும் நினைப்பது யாரை? கூன் விழுந்து கோல் ஊன்றிய பாட்டியை. சங்க காலத்து ஔவை வேறு, பிற்காலத்து ஔவை வேறு என்று தமிழறிஞர்கள் எவ்வளவோ சொல்லிவிட்டார்கள். ஆனால் கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் வேண்டி முதுமையை வாங்கிக்கொண்டாள் என்ற கதைதான் நின்றது. 1953இல் வந்த ஜெமினி படத்தில் கே.பி. சுந்தராம்பாள் பாடி நடித்ததும் அந்த உருவம் கல்லில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் அந்தப் படம் பிடிக்கும், அது வேறு. இளம்பெண் ஒருத்தி தனியாக ஊர் ஊராகப் போனாள், அரசர்களுக்கு முகத்துக்கு நேரே புத்தி சொன்னாள் என்பதைப் பிற்காலக் கற்பனையால் தாங்க முடியவில்லை. முதலில் அவளைக் கிழவியாக்கியது. அப்புறம்தான் சாலையில் இறங்க விட்டது. உன் கேப்டனுக்கு நீ நரைக்குப் பதிலாகத் துப்பாக்கி கொடுத்திருக்கிறாய்.

உன் தலைமுறை தமிழில் படித்த அறிவியல் கதை என்றால் பெரும்பாலும் சுஜாதாதான். என் தலைமுறைக்கும் அவர்தான். அவர் இல்லாவிட்டால் நீ தமிழில் ரோபோ பற்றி எழுத வாக்கியம் தேடி அலைந்திருப்பாய், அதனால் மரியாதையோடே சொல்கிறேன். ‘என் இனிய இயந்திரா’வில் நிலா என்கிற பெண்தான் மையம். வீட்டில் இருந்தவள், கணவன் காணாமல் போய் வெளியே வருகிறாள், கடைசியில் நாட்டுக்கே அரசியாகிறாள். ஆனால் கயிறு வேறு ஆட்கள் கையில். ‘மீண்டும் ஜீனோ’வில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். அவளுக்காக யோசிப்பது பாதி நேரம் ஜீனோ என்கிற இயந்திர நாய். புத்தகம் படிப்பதும் அது, கிண்டல் பேசுவதும் அது, வாசகர்களின் மனதில் ஒட்டிக்கொண்டதும் அது. பொம்மை அரசி என்பது சுஜாதா தெரிந்தே வைத்த அரசியல் கிண்டல் என்று வாதாடலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நாய்க்குக் கொடுத்த மூளையில் கொஞ்சத்தை நிலாவுக்கும் கொடுத்திருக்கலாம்.

சினிமாவில் நிலைமை இன்னும் மோசம். ‘எந்திரன்’ (2010) படத்தில் தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ரோபோ அப்படியே தூக்கி வெளியே கொண்டுவருகிறது. சுற்றிலும் ஆட்கள், கேமராக்கள். அவள் அவமானத்தில் ஓடிப்போய் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். படம் அதிலிருந்து எடுத்துக்கொள்வது என்ன? ரோபோவுக்கு மனித உணர்ச்சி தெரியவில்லை, சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது. ஒரு பெண் செத்தது இயந்திரத்தின் படிப்புச் செலவு. கேமராவை மூடாதவர்கள் மனிதர்கள்தானே, அவர்களுக்கு யார் உணர்ச்சியைச் சொல்லிக்கொடுப்பது என்று அந்தக் கதை ஒரு நொடிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து வந்த ‘2.0’ (2018) படத்தில் பெண் உருவத்தில் ஒரு ரோபோ. அவள் பெயரும் நிலா. விஞ்ஞானிக்கு உதவியாளர். இயந்திரத்தைக்கூட நாம் பெண்ணாகச் செய்தால் முதலில் கொடுக்கிற பதவி அதுதான்.

இப்போது ஏழாம் அத்தியாயம். இதைத்தான் நீ அதிகம் யோசிக்க வேண்டும். உன் கப்பலில் குழந்தைகள் கண்ணாடிக் கூடுகளில் வளர்கின்றன. பெண்ணுக்குப் பிரசவ வலி இல்லை, அதனால் விடுதலை என்று எழுதி இரண்டு பக்கத்தில் கடந்துவிட்டாய். இத்தனை ஆண், இத்தனை பெண் என்று யார் முடிவு செய்கிறார்கள்? கையெழுத்து யாருடையது?

வேறு ஊர்க்காரர் எழுதியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன். நீ இந்த மாவட்டத்துப் பிள்ளை. பெண் குழந்தைகளைக் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று அரசாங்கமே தொட்டில் வைத்த மண் இது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தர்மபுரிக்கும் கொண்டுவந்தார்கள். கள்ளிப்பால் என்ற சொல்லை வெளியூர்க்காரர்கள் பாரதிராஜா படத்தில் தெரிந்துகொண்டார்கள். நாங்கள் அதற்குப் படம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பிறகு ஸ்கேன் இயந்திரம் வந்தது. பிறந்த பின் செய்ததைப் பிறக்கும் முன்பே செய்ய விஞ்ஞானம் வழி காட்டியது. அதைத் தடுக்க 1994இல் சட்டம் போட்டும் திருட்டுத்தனமாக ஸ்கேன் பார்த்துச் சொல்கிறவர்கள் இங்கே பிடிபட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். புதுக் கருவி வந்தால் பெண்ணுக்கு விடுதலை என்று எழுதும் முன்னால், அந்தக் கருவி யார் வீட்டில், யார் உத்தரவில் ஓடுகிறது என்று நம் ஊர்ப் பிள்ளையாவது கேட்க வேண்டாமா?

மஞ்சுளா பத்மநாபன் 2008இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘எஸ்கேப்’ நாவலைக் கட்டாயம் படி. ஒரு நாட்டில் பெண்களை அடியோடு அழித்துவிட்டார்கள். ஒரே ஒரு சிறுமி மிச்சம். மூன்று பெரியப்பா சித்தப்பாக்கள் அவளை ஒளித்து வளர்க்கிறார்கள். தன்னைப் போல இன்னொரு உடம்பை அவள் பார்த்ததே இல்லை. அந்தப் புத்தகத்தை நம் தொட்டில் திட்டத்தை நினைத்துக்கொண்டு படித்தால் அது வருங்காலக் கதையாகத் தெரியாது. மார்கரெட் அட்வுட்டும் இதையேதான் சொன்னார்: 1985இல் வந்த ‘ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலில் மனிதர்கள் எங்காவது, எப்போதாவது செய்யாத கொடுமை எதையும் தான் சேர்க்கவில்லை என்று.

பிரசங்கம் என்று உன் நண்பர்கள் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு. ஒன்பதாம் அத்தியாயத்தில் கேப்டன் சமத்துவம் பற்றி ஆற்றுகிற உரையை எடுத்துவிடு. அது ஏன் வந்தது தெரியுமா? நீ கட்டிய உலகத்தில் எதுவும் மாறவில்லை, அதனால் அவள் வாயால் ஈடு கட்ட வேண்டியிருக்கிறது. காபியும் கண்ணாடிக் கூடும் சரியாக அமைந்துவிட்டால் அந்த உரைக்கு வேலை இருக்காது. புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ உன்னிடம் இருக்கிறதா? இல்லையென்றால் இங்கே அலமாரியில் இருக்கிறது. ராமன் கால் பட்டுக் கல்லிலிருந்து எழுந்த அகலிகை, அதே ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்பதைச் சீதை வாயாலேயே கேட்கிறாள். மறுபடி கல்லாகிறாள். உரை இல்லை, கோஷம் இல்லை. 1940களில் ஒரு ஆண் எழுதியது. புராணத்தையே எடுத்து ‘இப்படி நடந்தால்?’ என்று கேட்டிருக்கிறார், உங்கள் வகை எழுத்து செய்வதும் அதுதானே.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். ரங்கராஜன் என்ற இளைஞர் எழுத வந்தபோது ரா.கி. ரங்கராஜன் என்று ஏற்கெனவே ஒருவர் பெயரெடுத்திருந்தார். குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரை வைத்துக்கொண்டு சுஜாதா ஆனார். பெண் பெயரில் ராக்கெட்டும் கம்ப்யூட்டரும் எழுதினார், தமிழ்நாடே படித்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண், ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற ஆண் பெயரில் எழுதினார். பெயரை ஒரு ஜாம் பாட்டிலிலிருந்து எடுத்தாராம். 1973இல் அவர் எழுதிய ஒரு கதையில் அம்மாவும் மகளும் வேற்றுக் கிரகத்துக்காரர்களோடு கிளம்பிப் போய்விடுகிறார்கள், பூமியில் ஆண்களோடு இருப்பதைவிட அது பரவாயில்லை என்று. கதையைச் சொல்கிற ஆணுக்குக் கடைசிவரை அது புரிவதில்லை. இதை எழுதிய பிறகும், 1975இல் ராபர்ட் சில்வர்பெர்க் என்ற பெரிய எழுத்தாளர் டிப்ட்ரீயின் தொகுப்புக்கு முன்னுரை எழுதும்போது, இந்த எழுத்தில் இருக்கும் ஆண்மையை மறைக்கவே முடியாது, இவர் பெண் என்று சிலர் ஊகிப்பது அபத்தம் என்று அடித்துச் சொன்னார். இரண்டே வருஷத்துக்குள் உண்மை வெளியே வந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். பாவம் மனிதர், பிறகு பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

சுஜாதா பெண் பெயரை வைத்துக்கொண்டது வசதிக்கு. ஷெல்டன் ஆண் பெயரை வைத்துக்கொண்டது மறைவுக்கு. நம் துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மாவும் வீட்டுக்குத் தெரியாமல்தான் அந்தப் பெயரில் கவிதை எழுதினார். அவருக்கு வேறு வழி விடவில்லை. உன் வீட்டில் யாரும் தடுக்கவில்லையே, பாப்பா. விற்காது என்ற பயம்தானே? ஹியூகோ விருது 1953இல் தொடங்கியது. சிறந்த நாவலுக்கான பரிசு முதன்முதலாக ஒரு பெண்ணுக்குப் போக 1970 ஆயிற்று, நான் மேலே சொன்ன லெ குவினுக்கு. 2016, 2017, 2018 என்று மூன்று வருஷமும் தொடர்ந்து அதை வாங்கியவர் என்.கே. ஜெமிசின் என்ற கறுப்பினப் பெண். தமிழில் இந்தக் கதவு இன்னும் சரியாகத் திறக்கவில்லை என்பது வாஸ்தவம். எழுத்தாளர் அம்பைக்கு 2021இல் சாகித்திய அகாதெமி விருது கொடுத்த ஊரில், அறிவியல் கதை எழுதும் பெண்களைச் சொல் என்றால் வாசகர்கள் தலையைச் சொறிகிறார்கள். நீ ஆண் பெயரில் ஒளிந்துகொண்டால் இன்னும் கொஞ்ச நாள் சொறிவார்கள். உன் பெயரையே போடு. இனிஷியல் போடுவதானால் அம்மா இனிஷியலையும் சேர்த்துப் போடு, சட்டம் எதுவும் தடுக்கவில்லை.

இந்தப் பக்கம் வருவதானால் தேய்பிறை அஷ்டமி அன்றைக்கு மட்டும் வராதே. காலபைரவர் கோயில் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற எந்த நாளும் வா. ஓரத்தில் பென்சிலால் நிறையக் குறித்து வைத்திருக்கிறேன், உட்கார்ந்து பார்க்கலாம்.

இன்னொன்று. உன் அம்மா நாவலைப் படித்தாளா? நண்பர்கள் பெயரெல்லாம் கடிதத்தில் இருக்கிறது, அவள் பெயர் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் இங்கே என் அலமாரியில் இருந்த தொடர்கதை பைண்டுகளை ஒன்று விடாமல் முடித்தவள் அவள். அவளிடம் கொடு. படிக்கிற அன்றைக்குச் சமையலை நீயும் என் தம்பியும் பார்த்துக்கொள்ளுங்கள். அவனுக்குச் சாம்பார் வைக்கத் தெரியும். எங்கள் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கே அவனுக்கும் சொல்லிக்கொடுத்தாள். தெரியாது என்று உங்களிடம் இத்தனை வருஷமாக நடித்துக்கொண்டிருக்கிறான்.

அன்புடன்,
உன் அத்தை